செண்டர் போல்ட் ஏன் திரும்பத் திரும்ப அறுகிறது? மலைப்பாதை ஜீப் அனுபவங்கள்

தேன்கனிக்கோட்டையிலிருந்து:

அஞ்செட்டிப் பக்கத்து மலைக்கிராமம் ஒன்றுக்கு ராகி மூட்டைகளையும் ஆட்களையும் ஏற்றிச் செல்லும் பழைய ஜீப்பில் சென்ற மழைக்காலத்தில் நான் பயணம் செய்தபோது, பாறைப்படி ஒன்றில் ஏறிய வண்டியின் பின்பக்கத்திலிருந்து கனமான ஓர் அடிச்சத்தம் கேட்டது. அதன்பின் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தாலும் வண்டி ஒருபக்கமாகவே ஒதுங்கியது. இறங்கிப் பார்த்தபோது இடது பின் டயர் மட்கார்டின் விளிம்பை உரசும் அளவுக்குப் பின்னால் நகர்ந்திருந்தது. ஸ்பிரிங் பட்டைகளின் நடுத்துளையில் கோத்திருக்கும் செண்டர் போல்ட் அறுந்துவிட்டது. அதே பக்கம் முன்பும் அறுந்திருப்பதாகவும், ஒவ்வொரு முறையும் முந்தையதைவிட உறுதியான போல்ட்டையே வாங்கிப் போட்டதாகவும் ஓட்டுநர் அண்ணன் சொன்னார். அப்படியிருந்தும் ஏன் அறுகிறது என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

கிருஷ்ணகிரியில் பட்டறை நடத்துபவர்:

ஐயா, அந்த ஓட்டுநர் போல்ட்டை மாற்றியிருக்கிறாரே தவிர, அதை அறுத்த காரணத்தை மாற்றவில்லை. செண்டர் போல்ட்டின் வேலை பட்டைகளைக் கலையாமல் கோத்து வைப்பதும், ஆக்சில் உட்காரவேண்டிய இடத்தைக் காட்டுவதும் மட்டுமே. வண்டி ஏறும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் ஆக்சிலை முன்னும் பின்னும் தள்ளும் விசையைத் தாங்குவது, பட்டைகளை ஆக்சிலோடு சேர்த்துக் கட்டும் U வடிவ யூ போல்ட்டுகளின் இறுக்கத்தால் பட்டைக்கும், அது உட்காரும் ஆக்சில் பீடத்துக்கும் இடையே உண்டாகும் உராய்வுதான். யூ போல்ட் தளர்ந்தால் அந்த முழு விசையும் விரல் பருமன்கூட இல்லாத செண்டர் போல்ட்டின் மேல் வெட்டுவிசையாக விழுகிறது. அப்போது எவ்வளவு உயர்ந்த தரமான போல்ட்டும் சில காலம் தள்ளிப்போடுமே ஒழியத் தப்பாது. மெயின் பட்டை நடுத்துளையில் விரிசல் விடுவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

பர்கூர்ப் பக்கத்துக் கிரானைட் குவாரிகளில் ஓடும் வண்டிகளில் நான் அடிக்கடி காண்பது, பட்டைக்கும் பீடத்துக்கும் நடுவே தடிமனாகப் பூசிய பெயின்ட். புதிதாக இறுக்கும்போது அது கல்லைப் போல இருக்கும். ஓட ஓட நசுங்கி, அந்த அளவுக்கு யூ போல்ட் தளர்ந்துவிடும். துரு, மண், மரத்துண்டு ஆகியவையும் இதையே செய்யும். ஆகவே பீடத்தை இரும்பு தெரியும்வரை சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். இழுபட்டு மரை தேய்ந்த பழைய யூ போல்ட்டை மறுபடி பயன்படுத்தாதீர்கள். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய நிலையில் நான்கு நட்டுகளையும் குறுக்கு வரிசையில், கையேட்டில் சொல்லிய அளவுக்கு டார்க் ஸ்பானரால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) படிப்படியாக இறுக்குங்கள். முதல் நூறு கிலோமீட்டருக்குள் மீண்டும் ஒருமுறை இறுக்குவது கட்டாயம். எங்கள் பட்டறையில் அதற்குக் கூலி வாங்குவதில்லை, ஆனாலும் வருகிறவர்கள் குறைவு.

போல்ட்டின் தலை பீடத்துத் துளையில் ஆட்டமில்லாமல் உட்கார வேண்டும். கடையில் கிடைத்த அறுகோணத் தலை போல்ட்டைப் போட்டால் தலை துளைக்குள் ஆடும். அதே பக்கம் பலமுறை அறுந்த வண்டியில் துளையே நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும். வெல்டிங் வைத்துத் துளையைச் சரியான அளவுக்குக் கடைந்துவிட்டுத்தான் புதுப் போல்ட் போட வேண்டும். அந்த அண்ணன் வண்டியில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அரூரிலிருந்து:

சித்தேரி மலைக்குச் சரக்கு ஏற்றும் வண்டி எங்களுடையது. ஸ்பிரிங்கின் முன்கண் (முன்நுனி வளையம்) போல்ட்டிலிருந்து ஆக்சில்வரை இருபக்கமும் டேப்பால் அளந்து பார்ப்பது எங்கள் வழக்கம். இரண்டும் ஒத்திருக்கவில்லை என்றால், போல்ட் அறுந்திருக்கிறதா என்று பார்க்காமல் மலை ஏற்றுவதில்லை. யூ போல்ட்டை ஒட்டிச் செந்நிறத் துருப்பொடியோ பளபளக்கும் உரசலோ தெரிந்தால் அதுவும் தளர்ச்சியின் அடையாளம்.

வழியில் மாற்ற நேர்ந்தால் ஒன்றை மறக்காதீர்கள். சேஸிஸுக்கு உறுதியான முட்டுக் கொடுத்தபின், அறுந்த போல்ட்டைத் தட்டி எடுக்கும் முன்னரே இரண்டு சி கிளாம்ப் போட்டுப் பட்டைகளைச் சேர்த்துப் பிடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவை விசையோடு விரிந்து கையைப் பதம் பார்த்துவிடும். ஆகையால் உதிரிப் போல்ட்டுடன் கிளாம்ப்பும் பெட்டியில் இருக்கட்டும்.