ஃபைபர் படகுப் பட்டறை: எந்த மாஸ்க்?

கேள்வி: கிரைண்டிங்கில் ஆட்கள் துண்டுதான் கட்டுகிறார்கள். என்95 போதுமா? ரெசின் (ஃபைபரை இறுக்கும் பசைத் திரவம்) பூசும்போதும் அதையே போடலாமா?

பதில் 1: துண்டு நுண்தூசைத் தடுக்காது. கிரைண்டிங்குக்கு என்95 குறைந்தபட்சம். நாள் முழுக்க என்றால் பி100 ஃபில்டர் (நுண்தூசை ஏறக்குறைய முழுதும் தடுப்பது) வைத்த ரப்பர் அரைமுக மாஸ்க். ரெசினில் வருவது ஸ்டைரீன் ஆவி, என்95 உதவாது. ரப்பர் மாஸ்க்கில் கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் (ஆவியை உறிஞ்சும் டப்பி) வேண்டும். வேலை முடிந்ததும் அதைக் காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். வெளியே கிடந்தால் சும்மாவே தீர்ந்துபோகும். வாடை வரும்வரை காத்திருக்காமல் தேதி எழுதி மாற்றுங்கள்.

பதில் 2: தாடி இருந்தால் ஓரத்தில் கசியும். ஃபில்டரை உள்ளங்கையால் மூடி மூச்சிழுத்தால் மாஸ்க் முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். கிரைண்டரில் ஹெப்பா வேக்குவம் (நுண்தூசையும் பிடிக்கும் ஃபில்டர் உள்ள தூசு உறிஞ்சி) மாட்டுவதுதான் முதல் வேலை, மாஸ்க் அப்புறம். கம்ப்ரசர் காற்றால் சட்டையை ஊதவே கூடாது.

பதில் 3: ஸ்டைரீன் ஆவி காற்றைவிடக் கனம், படகின் அடியில் தேங்கும். எக்ஸாஸ்ட் குழாயை அடித்தளம்வரை இறக்குங்கள்.