ஒரே மண்ணடுக்குக்கு இரண்டு நிறக் குறிப்புகள்: எதைப் பதிவது?

கேள்வி:
வைகைக் கரையை ஒட்டிய ஓர் அகழாய்வுக் குழியில் பதிவுப் பணி செய்கிறேன். காலை ஆறரை மணிக்கு, தண்ணீர் தெளித்த மண்சுவரில், நான்காம் அடுக்கின் நிறத்தை மன்செல் அட்டையோடு (மண் நிறங்களைக் குறியீட்டோடு காட்டும் வண்ண மாதிரி அட்டை) ஒப்பிட்டு 7.5 ஒய்ஆர் 4/3 என்று எழுதினேன். அதே அடுக்கைப் பிற்பகலில் பார்த்த சக பணியாளர் 10 ஒய்ஆர் 6/3 என்று எழுதியிருக்கிறார். நாளை அந்த அடுக்கை அகற்றிவிடுவோம் என்பதால் கவலையாக இருக்கிறது. கைபேசிப் படத்தை வைத்து முடிவு செய்யலாமா?

மறுமொழி:
படத்தை நம்ப வேண்டாம். கைபேசி தானாகவே நிறத்தைச் சரிசெய்துவிடும். குறியீட்டைப் பிரித்துப் பாருங்கள். 7.5 ஒய்ஆர், 10 ஒய்ஆர் என்பவை மஞ்சள்-சிவப்பு வரிசையிலுள்ள நிறச்சாயல்கள். சாய்கோட்டுக்கு முன்னுள்ள எண் வெளிர்மையையும், பின்னுள்ள எண் நிறச்செறிவையும் குறிக்கின்றன. மண் நனைந்தால் வெளிர்மை எண் குறையும். ஆறு நான்கானதற்கு ஈரமே காரணமாக இருக்கலாம். ஆனால் ஈரத்தால் நிறச்சாயல் பெரும்பாலும் மாறாது, அது 7.5 ஒய்ஆர் என்று சிவப்புப் பக்கம் நகர்ந்ததற்கு இளங்காலை வெயிலின் செம்மையைத்தான் நான் சந்தேகிக்கிறேன். நாளை பத்து மணிக்கு மேல், நீலத் தார்ப்பாய் நிழலிலிருந்து விலகி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, புதிதாக உடைத்த கட்டியை அட்டையின் துளைக்குப் பின்னால் பிடித்துப் பாருங்கள். உலர்ந்த நிலையில் ஒரு முறையும், நனைத்து மேற்பரப்பின் நீர்ப்பளபளப்பு அடங்கிய பின் ஒரு முறையும் பார்த்து, இரண்டையும் நிலையோடு சேர்த்து எழுதுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. முந்தைய மூன்று அடுக்குகளின் தாள்களில் ஈரநிலையே குறிக்கப்படவில்லை. அவற்றைத் திருத்தலாமா?

மற்றொரு மறுமொழி:
பழைய எண்ணை அழிக்காதீர்கள். ‘ஈரநிலை குறிக்கப்படவில்லை’ என்று சேர்த்து, பையில் வைத்த மண் மாதிரியை மீண்டும் அளந்து, தேதியுடன் தனி வரியில் எழுதுங்கள். நீர் தேங்கிய சாம்பல்நிறக் களிமண்ணுக்கு மட்டும் இது பொருந்தாது. அதிலுள்ள இரும்பு காற்றுப் பட்டதும் பழுப்பாகத் தொடங்கும் என்பதால், வெட்டிய உடனே பார்த்துவிட வேண்டும். இன்னொன்று: ஆண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது, ஆகவே குழுவில் ஒருவரின் கண்ணை மட்டும் நம்பியிருப்பது நல்லதல்ல.

கேட்டவர்:
இன்று பதினொரு மணிக்கு இருவரும் தனித்தனியாகப் பார்த்தோம். உலர்நிலை 10 ஒய்ஆர் 6/3, ஈரநிலை 10 ஒய்ஆர் 4/3 என்று இருவருக்கும் ஒன்றாகவே வந்தது. ஒப்பிடுவதற்காகத் தரையை நனைத்தபோது, உலர்ந்திருக்கையில் கண்ணில் படாத ஒரு கருத்த வட்டம், 10 ஒய்ஆர் 3/2, தெளிவாகத் தெரிந்தது. கம்பம் நட்ட குழியாக இருக்கலாம் என்று கருதி, அதற்குத் தனி எண் கொடுத்துப் பாதியை மட்டும் வெட்டிப் பார்க்கப் போகிறோம்.