ஜெர்மனில பிஎஸ்சி ஃபிசிக்ஸ் சேர்றவங்களுக்கு: மொத வாரமே ஒரு ஷீட் குரூப் புடிச்சிருங்க

இந்த அக்டோபர்ல ஜெர்மனில பேச்சிலர் ஃபிசிக்ஸ் ஆரம்பிக்கிற தம்பி தங்கச்சிங்களுக்காக எழுதுறேன். மாஸ்டர்ஸ் வர்றவங்களுக்கு நம்ம ஆளுங்க எழுதி வச்சது ஏகப்பட்டது கெடக்கு, ஆனா பேச்சிலருக்கே வர்றவங்க கம்மி, அவங்களுக்குன்னு யாரும் பெருசா எழுதல. நான் இங்கதான் பேச்சிலர் முடிச்சேன், இப்போ மாஸ்டர்ஸ் பண்ணிக்கிட்டே ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு டியூட்டரா இருக்கேன், அதனால யாரு தேறுறாங்க யாரு திணறுறாங்கன்னு பக்கத்துல இருந்தே பாக்குறேன்.

பேப்பர் வேலைய சுருக்கமா சொல்லிடுறேன். ஏபிஎஸ் சர்டிஃபிகேட், அதான் நம்ம மார்க் ஷீட்லாம் நிஜம்தானான்னு செக் பண்ணி குடுக்குறது, 2022 நவம்பர்ல இருந்து இந்தியாவுல இருந்து வர்ற ஸ்டூடன்ட்ஸுக்கு கட்டாயம். ப்ளாக்ட் அக்கவுண்ட்ல, அதான் செலவுக்கு காசு இருக்குன்னு காட்ட போட்டு வைக்கிற அக்கவுண்ட்ல, 2024 செப்டம்பர்ல இருந்து வருஷத்துக்கு 11,904 யூரோ காட்டணும், அதுல மாசம் 992 யூரோதான் எடுக்க முடியும். நேரடி அட்மிஷனுக்கு வெறும் ப்ளஸ் டூ மார்க் பத்தாது, ஜேஇஇ அட்வான்ஸ்ட் பாஸ் பண்ணிருக்கணும் இல்லன்னா ஊர்ல அதே லைன்ல ஒரு வருஷம் காலேஜ் முடிச்சிருக்கணும். கவர்ன்மென்ட் யூனிவர்சிட்டில பெரும்பாலும் ட்யூஷன் ஃபீஸ் கெடையாது, செமஸ்டர் கட்டணம் மட்டும்தான். ஆனா பாடன் வுர்ட்டம்பர்க் மாநிலத்துல ஐரோப்பிய யூனியனுக்கு வெளிய இருந்து வர்றவங்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ உண்டு, மியூனிக் டெக்னிக்கல் யூனிவர்சிட்டியும் 2024 வின்டர்ல இருந்து வாங்க ஆரம்பிச்சிருச்சு, அதனால ஹைடல்பர்க், கார்ல்ஸ்ரூஹ, மியூனிக்னு ஆசைப்படுறவங்க வீட்ல மொதல்லயே கணக்கு சொல்லிடுங்க. ரூம் விஷயத்துல ஒண்ணே ஒண்ணு. அட்ரஸ் ரிஜிஸ்டர் பண்ண, அதான் அன்மெல்டுங், வீட்டு ஓனர் கையெழுத்து போட்ட ஃபார்ம் வேணும், அதை தரமாட்டேன்னு சொல்ற ரூம் எவ்ளோ சீப்பா இருந்தாலும் எடுக்காதீங்க, ஏன்னா டாக்ஸ் நம்பர், ரெசிடென்ஸ் பெர்மிட்னு எல்லாமே அதுக்கு பின்னாடிதான் வரும்.

இப்போ நான் சொல்ல வந்த விஷயம்.

இங்க ஃபிசிக்ஸ் படிப்பு நடக்குறது லெக்சர் ஹால்ல இல்ல, வாரா வாரம் வர்ற ப்ராப்ளம் ஷீட்லதான் நடக்குது. ஒவ்வொரு பாடத்துக்கும் வாரம் ஒரு ஷீட், எக்ஸ்பரிமெண்டல் ஃபிசிக்ஸ், அனாலிசிஸ் (கால்குலஸ ப்ரூஃபோட படிக்கிறது), லீனியர் அல்ஜிப்ரா மூணுக்கும் தனித்தனியா. நெறைய எடத்துல ஷீட்ல பாதி பாயின்ட்டாவது எடுத்தாதான் செமஸ்டர் கடைசில எக்ஸாம் எழுதவே விடுவாங்க. பாக்க நாலு கணக்குதானேன்னு இருக்கும், ஆனா ஒரு கணக்கு ஒரு சாயங்காலத்தையே முழுங்கிரும். அனாலிசிஸ் ஷீட்ல "இந்த சீக்வென்ஸ் கன்வெர்ஜ் ஆகுதுன்னு காட்டு"ன்னு ஒரே ஒரு வரி இருக்கும், நம்பரே இருக்காது. ஜேஇஇக்கு படிச்ச நம்ம பசங்க மெக்கானிக்ஸ் ஷீட்ட வேகமா முடிச்சிடுவாங்க, இன்டக்ரேஷன்லாம் இங்கத்த பசங்களவிட நல்லாவே வரும், ஆனா இந்த ப்ரூஃப்ல வந்து அப்படியே நின்னுடுவாங்க. ஃபார்முலா போட்டு விடை எடுக்குறது வேற, ஒவ்வொரு அடியும் ஏன் சரின்னு எழுதுறது வேற, அதுக்கு நமக்கு ஸ்கூல்ல பழக்கமே குடுக்கல. அது உங்க தப்பு இல்ல, ஆனா சரி பண்ணிக்க வேண்டியது நீங்கதான்.

அத தனியா சரி பண்றது ரொம்ப கஷ்டம். ஷீட்ட ரெண்டு பேரு மூணு பேரா சேந்து சப்மிட் பண்ணலாம்னு நெறைய பாடத்துல விட்டுருவாங்க, அது சலுகை இல்ல, படிக்க வேண்டிய முறையே அதுதான். மொத ரெண்டு வாரத்துலயே குரூப்லாம் செட் ஆயிடும், அதுக்கப்புறம் உள்ள போறது கஷ்டம். நான் பாத்தவரைக்கும் நம்ம பசங்க அங்கதான் தயங்குறாங்க, நம்ம ஜெர்மன் சரியா வராது, சிரிப்பாங்கன்னு ஹாஸ்டல் ரூம்லயே உக்காந்து தனியா ஷீட் போடுறாங்க, நாலாவது வாரம் பாயின்ட் கொறையுது, எட்டாவது வாரம் ஷீட் குடுக்குறதையே நிறுத்திடுறாங்க. மூளைக்கு ஒரு கொறையும் இல்லாத பிள்ளைங்க இப்படி போறத பாக்க எனக்கு மனசு கேக்கல, அதனாலதான் இவ்ளோ அழுத்தி சொல்றேன். லெக்சர் முடிஞ்சதும் பக்கத்துல உக்காந்திருக்கவங்ககிட்ட "ஷீட் சேந்து போடலாமா"ன்னு கேளுங்க, அவங்களும் ஊரு விட்டு ஊரு வந்து யாரையும் தெரியாமதான் முழிச்சுக்கிட்டு இருப்பாங்க. ஜெர்மன் மொழில C1 லெவல் எக்ஸாம் பாஸ் பண்ணிட்டு வந்தும் லெக்சர்ல பாதி புரியலன்னா பரவால்ல, கணக்கு போர்டுல இருக்கு, பேச்சு மொழி குரூப்ல உக்காந்து சண்ட போடப்போட தானா வந்துரும். லைப்ஸிக்ல மாதிரி இங்கிலீஷ்லயே நடக்குற பேச்சிலர் கோர்ஸ்ல இருந்தாலும் இதேதான், நம்மூர் பசங்க மட்டும் தனியா ஒரு குரூப்பா ஒதுங்காதீங்க.

லேப் பத்தி கொஞ்சம் சொல்லணும். ப்ளஸ் டூ ப்ராக்டிக்கல்ல பெண்டுலம் ஆட்டி g எவ்ளோன்னு கேட்டா எல்லார் ரெக்கார்ட் நோட்லயும் 9.8 பக்கத்துலதான் இருக்கும், ரீடிங் அதுக்கேத்த மாதிரி வந்து உக்காந்துரும். இங்க 9.81னு மட்டும் எழுதிக் குடுத்தா ரிப்போர்ட் திரும்பி வரும், ஏன்னா எவ்ளோ பிசகு இருக்கலாம்னு நீங்க சொல்லல. 9.6 ± 0.3னு எழுதி, அந்த 0.3 எங்க இருந்து வந்துச்சு, ஸ்டாப்வாட்ச் அமுக்குற நேரத்துல எவ்ளோ, நீளம் அளந்ததுல எவ்ளோன்னு பார்ஷியல் டெரிவேட்டிவ் போட்டு காட்டுனா அது நல்ல ரிப்போர்ட். ரீடிங்க மாத்துறது இங்க மோசடி கணக்கு, அத மட்டும் கனவுலயும் நெனைக்காதீங்க. வர்றதுக்கு முன்னாடி டைம் இருந்தா கொஞ்சம் பைதான் கத்துக்கோங்க, கிராஃப் போட, ஃபிட் பண்ண அது போதும்.

மார்க் விஷயத்த வீட்ல இப்பவே சொல்லி வைங்க. இங்க 1.0 தான் டாப், 4.0 பாஸ், 5.0 ஃபெயில். தியரி பேப்பர்ல 2.7 வாங்கினா அது நல்ல மார்க், அப்பா அம்மாவுக்கு அது தெரியாம "என்ன ரெண்டுதானா"ன்னு ஃபோன்ல கேக்கும்போது மனசு ஒடஞ்சுரும்.

கீழ கமெண்ட்ல கேட்டிருந்த ரெண்டு பேருக்கும் பதில்:

பார்ட் டைம் வேலை கேட்ட தங்கச்சிக்கு: 2024 மார்ச்ல இருந்து ஸ்டூடன்ட்ஸ் வருஷத்துக்கு 140 முழு நாள் இல்ல 280 அரை நாள் வேலை செய்யலாம். ஆனா மொத செமஸ்டர் வேணாம்மா, முடிஞ்சா மொத வருஷமே வேணாம். அப்புறம் யூனிவர்சிட்டிக்குள்ளயே ஹிவி வேலை, அதான் ஸ்டூடன்ட் அசிஸ்டன்ட் வேலை தேடு, ஷீட் திருத்துறது, லேப்ல உதவுறது மாதிரி, அது இந்த 140 நாள் கணக்குல வராது, படிச்சதும் மறக்காது. மூணாவது வருஷம் வந்ததும் ஹாம்பர்க்ல இருக்குற டெசி (DESY) ஃபிசிக்ஸ் ஆராய்ச்சி மையத்துல சம்மர் ஸ்டூடன்ட் ப்ரோக்ராமுக்கு அப்ளை பண்ணு.

ஃபெயில் ஆனா அனுப்பிடுவாங்களான்னு கேட்ட தம்பிக்கு: ஒரு தடவ ஃபெயில் ஆனா ஒண்ணும் ஆகாது, இங்கத்த பசங்களே நெறைய பேரு அனாலிசிஸ ரெண்டாவது தடவதான் பாஸ் பண்றாங்க. ஆனா பெரும்பாலான எடத்துல மூணு தடவதான் சான்ஸ், கட்டாய பேப்பர்ல மூணும் போச்சுன்னா அதே பாடத்த ஜெர்மனில வேற யூனிவர்சிட்டிலயும் தொடர முடியாம போயிடலாம், விசாவும் சிக்கலாகும். உங்க யூனிவர்சிட்டி எக்ஸாம் ரூல்ஸ மொத மாசமே உக்காந்து படிச்சிருங்க. ரெடியா இல்லன்னா கடைசி தேதிக்குள்ள பேர எடுத்துருங்க. எக்ஸாம் அன்னைக்கு காச்சல்னா முக்கிக்கிட்டு போய் எழுதாதீங்க, அன்னைக்கே டாக்டர்கிட்ட போய் சர்டிஃபிகேட் வாங்கி எக்ஸாம் ஆஃபீஸ்ல குடுத்தா அந்த சான்ஸ் கணக்குல வராது.

அப்புறம் செப்டம்பர் கடைசில மேத்ஸ் ப்ரிப்பரேட்டரி கோர்ஸ் நடக்கும், குரூப் புடிக்க அதவிட நல்ல எடம் இல்ல. விசா லேட்டாகி அத மிஸ் பண்றவங்க உங்க டிபார்ட்மென்ட் ஃபாக்‌ஷாஃப்ட்டுக்கு, அதான் ஸ்டூடன்ட்ஸ் நடத்துற சங்கத்துக்கு, ஒரு மெயில் போடுங்க. நோட்ஸும் பழைய எக்ஸாம் பேப்பரும் கேட்டா குடுப்பாங்க, புதுசா சேர்றவங்க வாட்ஸாப் குரூப் இருந்தா அதுல சேத்தும் விடுவாங்க.