முஸ்கடே ஒயின் மாதக்கணக்கில் வண்டலோடு கிடந்தும் முட்டை நாற்றம் வராதது எப்படி?

கேள்வி:
பிரான்ஸில் நாந்த் நகரை ஒட்டிய முஸ்கடே பகுதியில், குடும்பமாகத் தோட்டம் நடத்துபவர்கள் 'மெலோன் த பூர்கோஞ்' திராட்சையில் இனிப்பில்லாத வெள்ளை ஒயின் செய்கிறார்கள். லேபிளில் 'சுர் லீ' (வண்டல் மேல்) என்று போட வேண்டுமானால் குளிர்காலம் முழுக்க ஈஸ்ட் வண்டல் மேலேயே வைத்திருக்க வேண்டும், மார்ச் 1-க்கு முன் பாட்டிலில் அடைக்கக் கூடாது. செத்த ஈஸ்டோடு இத்தனை மாதம் கிடந்தால் அழுகிய முட்டை வாடை வராதா? வந்தால் என்ன செய்வது?

பதில் 1:
வரும். ஆனால் வண்டல் மேல் மட்டும் பழி போட முடியாது. பல சமயம் கோளாறு பிழிந்த அன்றே ஆரம்பித்துவிடும். சாற்றை 10–12 டிகிரியில் ஓர் இரவு அசையாமல் விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் நொதிக்க எடுப்பார்கள். கலங்கல் 100–200 என்டியு (கலங்கலை அளக்கும் அலகு) இருந்தால் நல்லது. சதைத்துணுக்கு நிறைய மிதந்தால் நாற்றத்துக்கு வழி. அதற்காக 50-க்குக் கீழே தெளியவிட்டால் ஈஸ்ட் திணறும், நொதிப்பு பாதியில் நின்றாலும் நிற்கும். இந்தக் கசடை முதலிலேயே கழித்துவிடுவதால்தான் பிறகு அடியில் படிவது பெரும்பாலும் வெறும் ஈஸ்ட்.

அடுத்தது நைட்ரஜன். ஈஸ்ட் எடுத்துக்கொள்ளக்கூடிய நைட்ரஜன் லிட்டருக்கு 150 மில்லிகிராமுக்குக் குறைந்தால், பட்டினி கிடக்கும் ஈஸ்ட் ஹைட்ரஜன் சல்ஃபைடை (முட்டை வாடை இதுதான்) வெளியே தள்ளும். உணவுத் தர டிஏபி (டைஅம்மோனியம் பாஸ்பேட் உப்பு) 100 லிட்டருக்கு 30 கிராம் போட்டால் லிட்டருக்குச் சுமார் 63 மில்லிகிராம் நைட்ரஜன் ஏறும். சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் போட வேண்டும். கடைசிக் கட்டத்தில் கொட்டிப் பயனில்லை, ஈஸ்ட் அதைத் தொடாது.

பதில் 2:
கொடியையும் பாருங்கள். சாம்பல் நோய்க்குக் கந்தகத்தை அறுவடை நெருக்கத்தில் அடித்தால், அது பழத்தோலோடு தொட்டிக்குள் வந்து அதே வாடையைக் கிளப்பும்.

வாடை வந்துவிட்டதா? இரண்டு கிளாஸில் ஒயின் ஊற்றி, ஒன்றில் சுத்தமான செம்புத் துண்டைப் போட்டுச் சுழற்றி, சில நிமிடம் கழித்து இரண்டையும் முகருங்கள். செம்பு போட்டதில் வாடை போயிருந்தால் காப்பர் சல்ஃபேட் வேலை செய்யும். ஐரோப்பிய விதிப்படி 100 லிட்டருக்கு அதிகபட்சம் 1 கிராம்தான், ஒயினில் மிஞ்சும் செம்பு லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வாடை அப்படியே நின்றால், நாறும் பொருள் டைசல்ஃபைடு என்ற வேறு கந்தகச் சேர்மமாக மாறியிருக்கலாம், அதைச் செம்பு பிடிக்காது.

பதில் 3:
காற்றுப்படும்படி ஒருமுறை தொட்டி மாற்றினால் போதுமே, செம்பு எதற்கு?

பதில் 2:
மற்ற ஒயினுக்குச் சரி. இங்கே மாற்றினால் முதலில் 'சுர் லீ' தகுதி போகும். நாக்கில் லேசாகச் சுருக்கென்று குத்துகிற கரியமில வாயுவும் போகும், முஸ்கடேயின் துடிப்பே அதுதான். காற்றுப்பட்ட மெர்காப்டன் (நாறும் இன்னொரு கந்தகச் சேர்மம்) டைசல்ஃபைடாகி, இப்போதைக்கு வாடை மறைந்த மாதிரி இருக்கும். பாட்டிலில் கிடக்கும்போது திரும்பி வரும்.

பதில் 1:
தொட்டியின் உயரமும் முக்கியம். உயரமான தொட்டியில் வண்டல் அடியில் அழுந்திக் கெட்டியாகி நாறத் தொடங்கும். அங்கே பல பண்ணைகளில் தரைக்கு அடியில் உயரம் குறைந்த சிமெண்ட் தொட்டிகள்தான். குளிர்ச்சியும் சீராக நிற்கும். அவ்வப்போது மெதுவாகக் கலக்கிவிட்டால் வண்டல் இறுகாது.

பாதுகாப்புக்குப் போடும் சல்ஃபர் டைஆக்சைடை பிஎச் (புளிப்பைக் காட்டும் எண், கூடினால் புளிப்பு குறைவு) பார்த்து முடிவு செய்யுங்கள். ஒயினில் வேறெதோடும் சேராமல் தனித்து நிற்கும் அளவு பிஎச் 3.2-இல் லிட்டருக்குச் சுமார் 21 மில்லிகிராம் போதும், அதே பாதுகாப்புக்கு 3.5-இல் 40 வேண்டும். ஆனால் நொதிப்பு முழுசாக முடிவதற்குள் போட்டுவிடாதீர்கள், ஈஸ்ட் அதையே ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றிவிடும்.