18 பெரிதா, 22 பெரிதா? மெட்னியான்ஸ்கியும் பார்னாவும்

பச்சைமேசை:
தொடக்ககால ஹங்கேரி மேசைப்பந்து என்று யார் பேச்செடுத்தாலும் முதலில் விழும் பெயர் விக்டர் பார்னா. 22 உலகப் பட்டங்கள், அதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்பார்கள். அந்த 22-ஐக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ஒற்றையர் 5, ஆடவர் இரட்டையர் 8, கலப்பு இரட்டையர் 2, குழுப் போட்டி 7. குழுவாக வென்றதை ஒதுக்கினால் 15.

அதே புடாபெஸ்டில் 1901-இல் பிறந்த மரியா மெட்னியான்ஸ்கியின் கணக்கு இது: ஒற்றையர் 5, மகளிர் இரட்டையர் 7, கலப்பு இரட்டையர் 6. ஆக 18. இதில் குழுப் பட்டம் ஒன்றுகூட இல்லை. பெண்களுக்கு உலகக் குழுப் போட்டியே 1933 டிசம்பரில் பாரிஸில்தான் தொடங்கியது. அதற்குள் அவர் 15 பட்டங்களை வென்றிருந்தார். அந்தத் தலைமுறை ஹங்கேரியர்களில் முதலிடம் அவருக்கே என்பது என் வாதம். மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

வலையோரம்:
காரணத்தோடே வருகிறேன். பட்டங்களை எண்ணினால் போதாது, யாரை வென்று பெற்றவை என்றும் பார்க்க வேண்டும். 1926 டிசம்பரில் லண்டனில் நடந்த முதல் உலகப் போட்டியில் மகளிர் பிரிவில் ஆடியவர்கள் மிகக் குறைவு. இறுதியில் வேல்ஸ் நாட்டின் டோரிஸ் கப்பின்ஸை வென்று மெட்னியான்ஸ்கி முதல் சாம்பியன் ஆனார். மகளிர் இரட்டையர் என்ற பிரிவே 1928 ஸ்டாக்ஹோமில்தான் சேர்க்கப்பட்டது.

பார்னா நுழைந்த களம் வேறு. 1929-இல் ஃப்ரெட் பெரி என்ற ஆங்கிலேயர் புடாபெஸ்டுக்கே வந்து, உள்ளூர்க்காரரான மிக்லோஷ் சபடோஷை இறுதியில் வீழ்த்திப் பட்டத்தைக் கொண்டுபோனார். பின்னாளில் விம்பிள்டனில் 1934, 1935, 1936 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்றவர் அவர்தான். இப்படிப்பட்டவர்கள் ஆடிய பிரிவில் அடுத்த ஆண்டே பதினெட்டு வயதில் சாம்பியன் ஆனவர் பார்னா. ஐந்தும் ஐந்தும் சமம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

பழையமட்டை:
நண்பர் வலையோரத்துக்கு ஒரு விவரம். முதல் போட்டிக்கு மகளிர் பிரிவு மட்டும் சிறியது அல்ல, போட்டியே சிறியதுதான். இவோர் மோன்டாகு முன்னின்று நடத்திய அந்தப் போட்டி ஐரோப்பியப் போட்டியாகத்தான் திட்டமிடப்பட்டது. இந்திய ஆட்டக்காரர்களும் பங்கேற்றதால் அது உலகப் போட்டி ஆயிற்று. ஆடவர் ஒற்றையர் இறுதியில் மோதிய ரோலண்ட் யாகோபி, சோல்டான் மெஹ்லோவிட்ஸ் இருவரும் முப்பதைத் தாண்டியவர்கள். யாகோபி தொழிலால் வழக்கறிஞர். அவர்களை யாரும் "எளிதில் வென்ற சாம்பியன்கள்" என்று குறைத்துப் பேசுவதில்லை. அந்த மெஹ்லோவிட்ஸோடு சேர்ந்துதான் மெட்னியான்ஸ்கி கலப்பு இரட்டையரையும் அங்கே வென்றார். ஆணுக்கு ஓர் அளவுகோல், பெண்ணுக்கு வேறோர் அளவுகோல் வேண்டாம் என்கிறேன்.

மீனலோசனி:
களம் காலியாகத்தான் இருந்தது என்றால் 1929-ஐ என்ன சொல்வீர்கள் வலையோரம் ஐயா? சொந்த ஊரான புடாபெஸ்டில் போட்டி. மகளிர் இரட்டையரை ஜெர்மானிய இணை கொண்டுபோனது. கலப்பு இரட்டையரில் அன்னா ஷிபோஷும் இஸ்த்வான் கெலெனும் வென்றார்கள். மெட்னியான்ஸ்கிக்குக் கிடைத்தது ஒற்றையர் ஒன்றுதான். எதிரே ஆளே இல்லாத களத்தில் சாம்பியன் இப்படி இரண்டு பிரிவுகளை இழப்பாரா?

ஷிபோஷ் விஷயத்தையும் சொல்ல வேண்டும். அவர் ஏழு வயது இளையவர். 1930 பெர்லின் இறுதியில் மெட்னியான்ஸ்கியிடம் தோற்றார். 1932 பிராகிலும் 1933 பாடனிலும் அதே மெட்னியான்ஸ்கியை இறுதியில் வீழ்த்திப் பட்டத்தைப் பறித்தார். தன் பட்டத்தைப் பறித்தவரோடு ஒரே பக்கம் நின்று ஆட எத்தனை பேருக்கு மனம் வரும்? இந்த இருவரும் 1930 முதல் 1935 வரை ஆறு முறை தொடர்ந்து மகளிர் இரட்டையரை வென்றார்கள். எனக்கு மெட்னியான்ஸ்கியைப் பிடித்துப்போனது இதனால்தான்.

வலையோரம்:
மீனலோசனி அவர்களே, நீங்கள் சொன்னதே என் பக்கத்துக்கும் சாட்சி. மெட்னியான்ஸ்கிக்குச் சரியான போட்டி ஷிபோஷ் ஒருவர்தான், அவரும் அதே நகரத்துக்காரர். வெளியிலிருந்து வலுவானவர்கள் வந்ததும் என்ன ஆயிற்று? 1934, 1935 இரண்டு ஆண்டும் ஒற்றையர் பட்டம் செக்கோஸ்லோவாக்கியாவின் மரி கெட்னெரோவாவிடம் போனது. மகளிர் குழுப் போட்டிக்கான கோர்பியோன் கோப்பை முதல் ஆண்டு ஜெர்மனிக்கு, மறு ஆண்டு செக்கோஸ்லோவாக்கியாவுக்கு. குழுப் போட்டி முன்பே இருந்திருந்தால் இன்னும் குவித்திருப்பார் என்ற வாதம் இங்கே நிற்காது.

பச்சைமேசை:
அப்படி ஒரு வாதத்தை நான் வைக்கவே இல்லை. ஒப்பிட வேண்டியது தனி ஆட்டத்தையும் இணை ஆட்டத்தையும் என்றுதான் சொன்னேன். கெட்னெரோவா எழுந்தபோது மெட்னியான்ஸ்கிக்கு வயது 32. பார்னாவின் ஐந்து ஒற்றையர் பட்டங்களும் 24 வயதுக்கு முன் வந்தவை.

"அதே நகரத்துக்காரர்" என்பதை ஆடவர் பிரிவிலும் பார்ப்போமே. 1930 முதல் 1935 வரை ஆறு ஆடவர் இறுதிகள். 1933-இல் மட்டும்தான் பார்னாவின் எதிரில் செக்கோஸ்லோவாக்கியாவின் கோலார் நின்றார். மற்ற ஐந்திலும் மேசைக்கு இருபுறமும் ஹங்கேரியர்களே: இரண்டு முறை பெல்லாக், மூன்று முறை சபடோஷ். அதில் 1931-இல் பார்னா சபடோஷிடம் தோற்றார். நகரத்துக்குள் நடந்த சண்டை என்றால் இரண்டும் அதே சண்டைதான்.

பழையமட்டை:
இனி பார்னாவின் பக்கம் நின்றும் ஒரு வார்த்தை. அவரை எண்களை வைத்து மட்டும் பேசுவது எனக்கு உறுத்துகிறது.

என்னிடம் ஸ்பாஞ்ச் இல்லாத பழைய மாதிரி மட்டை ஒன்று இருக்கிறது. பலகை, அதன் மேல் சிறு முட்டுகள் உள்ள மெல்லிய ரப்பர், அவ்வளவுதான். பந்து பட்டதும் டொக்கென்று ஒலி வரும், ரப்பரில் பந்து ஒட்டாது. இப்போதைய மட்டையில் தானாக வரும் சுழற்சியை இதில் கையால் உண்டாக்க வேண்டும். போதாக்குறைக்கு அன்றைய வலை இப்போதையதை விட முக்கால் அங்குலம் உயரம். பந்தைத் தள்ளித் தள்ளி எதிராளியின் தவறுக்குக் காத்திருப்பதுதான் பாதுகாப்பான வழி. அந்த மட்டையோடும் அந்த வலையோடும் மணிக்கட்டைச் சுண்டி பேக்ஹேண்டில் தாக்கியவர் பார்னா. அந்த அடிக்கே அவர் பெயர் நிலைத்துவிட்டது. ஒரு மாலை முழுக்க முயன்று பாருங்கள், பாதிப் பந்துகள் வலையில்தான் விழும்.

1935-இல் பிரான்ஸில் நடந்த கார் விபத்தில் அவருடைய வலது கை, ஆடும் கை, முறிந்தது. அதற்குப் பிறகு ஒற்றையர் பட்டம் இல்லை. ஆனாலும் 1938-இல் ஹங்கேரி குழுவோடு வென்றார், 1939-இல் கெய்ரோவில் ரிச்சர்ட் பெர்க்மானுடன் இரட்டையரை வென்றார். முறிந்த கையோடு வந்த அந்த இரண்டை வெறும் இரண்டு என்று எண்ண என்னால் முடியாது.

மீனலோசனி:
பழையமட்டை அண்ணா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. பார்னா பெரிய ஆட்டக்காரர்தான். ஆனால் ஒற்றையரில் தொடர்ச்சி என்று வந்தால்? 1926, 1928, 1929, 1930, 1931: நடந்த முதல் ஐந்து உலகப் போட்டிகளையும் மெட்னியான்ஸ்கியே வென்றார். பார்னாவின் தொடர்ச்சி நான்கு. மெட்னியான்ஸ்கியின் ஐந்தைத் தாண்ட ருமேனியாவின் ஆஞ்செலிகா ரோசேனு வர வேண்டியிருந்தது, 1950 முதல் 1955 வரை ஆறு.

வலையோரம்:
என் அளவுகோல் ஒரே போட்டியில் எட்டிய உச்சம். 1935 வெம்பிளியில் பார்னா ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர், குழு என நான்கையும் வென்றார். அந்த ஆண்டு அவர் வெல்லாமல் விட்டது எதுவும் இல்லை. அதற்கு இணையாக மெட்னியான்ஸ்கியின் கணக்கில் ஒன்றைக் காட்டுங்கள்.

பச்சைமேசை:
மூன்றைக் காட்டுகிறேன். 1928, 1930, 1931. அந்த ஆண்டுகளில் பெண்களுக்கு இருந்தவை ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் என மூன்றே பிரிவுகள். மூன்று ஆண்டும் மூன்றையும் அவரே வென்றார். வெல்லாமல் விட்டது எதுவும் இல்லை என்பதுதான் உங்கள் அளவுகோல் என்றால், பார்னா அதை எட்டியது ஒரு முறை, மெட்னியான்ஸ்கி எட்டியது மூன்று முறை. நான்காவது பிரிவை அன்று யாரும் ஏற்படுத்தாததற்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்?