மறு: தேடுபொறி உகப்பாக்கம் – கடைக்காரருக்குப் புரியும் சொல் எது?

தம்பிக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

எஸ்.இ.ஓ., அதாவது ஒரு தளம் கூகுள் போன்ற தேடுபொறிகளில் முன்னுக்குத் தெரியச் செய்யும் வேலை, அதற்குத் தம்பியின் கைந்நூலில் எந்தத் தமிழ்ச்சொல்லை வைப்பது என்ற இழை நீண்டுவிட்டது. நடுவில் தனித்தமிழா கலப்புத்தமிழா என்ற பழைய சண்டையும் தலைகாட்டியது. அதற்குள் நான் இறங்கவில்லை. தம்பி எழுதுகிற கைந்நூல் திருகோணமலையில் புதிதாக இணையத்தளம் தொடங்கும் விடுதிக்காரர், படகு ஓட்டுபவர், கருவாட்டு வியாபாரி போன்றவர்களுக்கானது. அதை மனதில் வைத்தே எழுதுகிறேன். கணினிப் பட்டதாரிகளுக்கான அகராதி என்றால் என் பதில் வேறாக இருக்கும்.

> உகப்பாக்கம் ஏற்கெனவே நிலைத்த சொல். அதை ஏன் கலைக்க வேண்டும்?

கோவை நண்பர் கேட்பது நியாயம். கணிதத்தில் அது நல்ல சொல்தான். குறைந்த செலவில் கூடிய பலன் தரும் விடையைத் தேடுவதற்கு உகப்பாக்கம் என்று சொன்னால் மாணவருக்குப் புரியும். ஆனால் 'தேடுபொறி உகப்பாக்கம்' என்று சேர்த்தவுடன் தேடுபொறியைச் சீர்செய்யும் வேலை போல ஒலிக்கிறது. அந்த வேலையைக் கூகுளின் பொறியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் நிலாவெளிக் கடற்கரையில் இரண்டு அறை வைத்து வாடகைக்கு விடுபவருக்கு அதில் என்ன பங்கு?

சரி, 'தேடுபொறிக்கு உகந்ததாக்கல்' என்று கொழும்பு அண்ணா திருத்தினார். இலக்கணச் சிக்கல் தீர்ந்தது, ஆனால் பொறியைத் திருப்திப்படுத்துவதுதான் தொழில் என்ற எண்ணம் அப்படியே நிற்கிறது. 'திருகோணமலை விடுதி, திருகோணமலை மலிவு விடுதி, திருகோணமலை கடற்கரை விடுதி' என்று வரிக்கு வரி அடுக்கிய பக்கங்கள் இந்த எண்ணத்தில் பிறந்தவைதான். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் சொற்களை ஒளித்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். கூகுள் இவற்றைக் குப்பை உத்திகள் என்றே வகைப்படுத்திப் பின்தள்ளுகிறது. பக்கத்தின் நிரலில், வாசகர் கண்ணில் படாத தலைப்பகுதியில், திறவுச்சொற்களை (தேடுபவர் இடக்கூடிய சொற்களை) நிரப்பும் மெட்டா குறிச்சொல்லைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே அறிவித்தது. இன்றைக்கும் அதை நிரப்பித் தருவதற்குக் காசு வாங்குகிறவர்கள் உண்டு.

எனவே பெயரைத் தேடுமுன் வேலையைப் பிரித்துப் பார்ப்போம். தேடுபொறியின் பக்கம் மூன்று படிகள். ஒரு நிரல் இணைப்பிலிருந்து இணைப்புக்குப் போய்ப் பக்கங்களைப் படிக்கிறது. படித்ததைத் தன் பதிவில் சேர்க்கிறது. யாராவது தேடும்போது அந்தப் பதிவிலிருந்து எடுத்து வரிசைப்படுத்திக் காட்டுகிறது. "என் தளம் கூகுளில் வரவில்லை" என்று ஒருவர் சொன்னால், எந்தப் படியில் தடக்குகிறது என்று கேட்கவாவது அவருக்குச் சொல் வேண்டும். சொல் இல்லாவிட்டால் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்.

முதற்படிக்குத் 'தவழ்தல்' என்று இருவர் எழுதியிருந்தீர்கள். 'கிராலிங்' என்ற ஆங்கிலத்தைப் பெயர்த்ததைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. அந்த நிரலின் வேகத்துக்கும் அது பொருந்தாது. என் தெரிவு துழாவல். செய்யும் நிரல் துழாவி. ஓர் இணைப்பைப் பிடித்து அடுத்ததைத் தேடிப் போவதுதான் அதன் வேலை, துழாவுதல் எல்லோர் வாயிலும் இருக்கும் சொல். புதிய தளம் மாதக்கணக்கில் கண்ணில் படாமல் கிடப்பதற்குக் காரணமும் இதில் விளங்கும். வேறெந்தத் தளத்திலிருந்தும் இணைப்பு இல்லாவிட்டால் துழாவி அங்கே வர வழி இல்லை. தளக்காரருக்காகக் கூகுள் வைத்திருக்கும் சேர்ச் கன்சோல் என்ற கருவியில் தளத்தைப் பதிந்து, தளப்படத்தை (தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் கோப்பை) கொடுத்தால் வழி திறக்கும். அதற்குக் கட்டணம் கிடையாது. காசு கொடுத்து அடிக்கடி துழாவ வைக்கவோ வரிசையில் ஏறவோ முடியாது என்று கூகுளே சொல்கிறது. விளம்பரம் வேறு கணக்கு.

இரண்டாம் படியில்தான், ஆங்கிலத்தில் 'இன்டெக்ஸ்' எனப்படும் பதிவில் சேர்க்கும் வேலையில்தான், எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. 'அட்டவணைப்படுத்தல்' என்றால் எங்களுக்குப் பாடசாலை நேர அட்டவணையும் பஸ் அட்டவணையும்தான் நினைவுக்கு வரும். 'சுட்டெண்' பரீட்சை எழுதிய எவருக்கும் தெரிந்த சொல், ஆனால் அது ஆளை அடையாளம் காட்டும் எண். 'அடைவு' என்று மதுரை ஐயா சொன்னது பொருளில் மிகச் சரி. இந்தியாவில் ஓடும். இங்கே ஓடாது ஐயா. எங்களிடம் அடைவு வைப்பது என்றால் நகையை ஈடு வைப்பது. "உங்கள் தளம் அடைவில் இருக்கிறது" என்று எங்கள் ஊர் என்.சி. வீதிக் கடைக்காரரிடம் சொன்னால், வட்டி எவ்வளவு என்று கேட்பார்.

அதனால் முழுச் சொல்லாகச் சொல்லடைவு என்றே வைப்போம். சங்க நூல்களின் பின்னால் பார்த்திருப்பீர்கள்: 'நெய்தல்' என்ற சொல்லுக்கு எதிரே அது வரும் பாடல் எண்கள் இருக்கும். தேடுபொறி வைத்திருக்கும் பதிவின் அடிப்படை அமைப்பும் அதேதான்: 'நிலாவெளி' என்ற சொல், அதற்கு எதிரே அச்சொல் வரும் பக்கங்களின் பட்டியல். நாம் தேடும் நொடியில் கூகுள் இணையம் முழுவதையும் ஓடிப் பார்ப்பதில்லை, இந்தச் சொல்லடைவைத்தான் புரட்டுகிறது. அதில் ஏறாத தளம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தேடுபவருக்கு இல்லாததற்குச் சமம்.

ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது லேசு. தேடற்பெட்டியில் சைட் என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் இட்டு, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தள முகவரியை எழுதித் தேடுங்கள். ஒன்றுமே வராவிட்டால் சிக்கல் முதல் இரண்டு படிகளில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சேர்ச் கன்சோலில் முகவரியைக் கொடுத்துப் பார்த்தால் காரணமும் தெரியும். தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் செய்த தளமென்றால் அமைப்புகளில் வாசிப்புப் பகுதியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். தேடுபொறிகளை வரவேண்டாம் என்று சொல்லும் பெட்டி ஒன்று அங்கே உண்டு. தளம் கட்டும் காலத்தில் அதைக் குறியிட்டுவிட்டு, திறப்பு விழா முடிந்தும் எடுக்க மறந்துவிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு படகுச் சேவைத் தளம் ஒரு சீசன் முழுக்க அப்படிக் கிடந்தது.

தமிழுக்கே உரிய தடை ஒன்றும் இந்தப் படியில் இருக்கிறது, கைந்நூலில் அதற்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள் தம்பி. அச்சகத்தில் துண்டுப்பிரசுரத்துக்குப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே தளத்தில் ஒட்டிவிடுகிறார்கள். எழுத்துரு இருக்கும்வரை கண்ணுக்குத் தமிழ் தெரியும். ஆனால் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும். துழாவி அவற்றை அப்படியே எடுத்துப் போகும், சொல்லடைவில் 'நிலாவெளி' ஏறாது. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடுக்கு மாற்றிய பிறகுதான் ஒட்ட வேண்டும். விலைப்பட்டியலைப் படமாக மட்டும் போடுவதும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

மூன்றாம் படிக்குத் தரவரிசை போதும், புதுச்சொல் தேவையில்லை. லாரி பேஜும் செர்ஜி பிரினும் 1998இல் கூகுளை நிறுவியபோது, ஒரு பக்கத்துக்குப் பிற பக்கங்கள் தரும் இணைப்புகளை அதன் மதிப்புக்குச் சான்றாக எடுத்தார்கள். இன்று கணக்கில் வேறு எத்தனையோ சேர்ந்துவிட்டன, ஆனாலும் உப்புவெளி விடுதி ஒன்று தன் பக்கத்தில் உங்கள் படகுச் சேவைக்கு இணைப்புக் கொடுத்தால் அது பெறுமதியானது. உள்ளூர்த் தேடலுக்குப் பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றையும் முக்கியமாகப் பார்ப்பதாகக் கூகுள் சொல்கிறது. தூரத்தை மாற்ற முடியாது. கூகுள் வரைபடத்தில் வணிக விவரத்தைப் பதிந்து, வகை, திறக்கும் நேரம், தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் சரியாக வைத்தால் பொருத்தம் கூடும். சின்ன வியாபாரத்துக்குத் தளத்தைவிட முதலில் இதைச் செய்வது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

அப்புறம் பெயர்கள். ஒரே ஊரைத் திருகோணமலை, திருக்கோணமலை, திருமலை என்று எழுதுகிறோம். ட்ரிங்கோ என்று கதைக்கிறோம். நிலாவெளிக்கு எதிரே உள்ள சிறு தீவைப் புறாத்தீவு என்பவர் உண்டு, புறாமலை என்பவரும் உண்டு. வெளிநாட்டவர் ஆங்கிலப் பெயரில்தான் தேடுவார். தளத்துக்காரர் 'கடற்சாகச அனுபவங்கள்' என்று தலைப்பிட்டுவிட்டு, 'புறாத்தீவு படகு' என்று தேடுபவர் வரவில்லையே என்கிறார். வாடிக்கையாளர் வாயில் வரும் பெயர் பக்கத்தின் தலைப்பில் இயல்பாக இருக்க வேண்டும், மற்றப் பெயர்கள் உள்ளே ஓரிடத்தில் வந்தால் போதும்.

இனி முழுத் தொழிலுக்கும் பெயர். என் முன்மொழிவு தேடலில் தென்படுத்தல், சுருக்கமாகத் தென்படுத்தல். செய்பவர் தென்படுத்துநர். மூன்று படிகளும் அதற்குள் அடங்கும், பொறி மறைந்து தேடுகிற ஆள் முன்னுக்கு வருகிறார்.

> தென்படுதல் விளைவைத்தானே சொல்கிறது? முயற்சியைச் சொல்லவில்லையே.

அக்கா, தென்படுதல் தன்வினை, தென்படுத்தல் பிறவினை. 'படுத்து' என்பதில் முயற்சி வந்துவிட்டது. விளைவு தெரிவதும் நல்லதற்கே. தென்படுத்தலுக்கு என்று பற்றுச்சீட்டு எழுதினால், எந்தத் தேடலுக்குத் தென்பட்டது, எத்தனை பேர் அழுத்தினார்கள் என்று வாடிக்கையாளர் கேட்கலாம். அந்தக் கணக்கு சேர்ச் கன்சோலில் அப்படியே கிடைக்கிறது. உகப்பாக்கத்துக்குக் காசு கொடுத்தவர் என்னவென்று கேட்பார்?

எஸ்.இ.ஓ. என்றே விட்டுவிடலாம் என்றவர்களுக்கு: பேச்சில் அது இருக்கட்டும், கைந்நூலின் முதற்பக்கத்தில் ஒருமுறை குறிப்பிடத்தான் வேண்டும். அதன்பிறகு தென்படுத்தல் என்றே எழுதலாம்.

தம்பி, நூலை வாடைக்காலம் தொடங்குமுன் கொண்டுவரப் பாருங்கள். கடல் கொந்தளித்துப் படகுகள் கரையில் நிற்கும் அந்த மாதங்களில்தான் எங்கள் ஆட்களுக்கு உட்கார்ந்து தளத்தைக் கவனிக்க நேரம் கிடைக்கும். மாற்றம் செய்து அது தேடலில் தெரிய வாரங்களாகலாம், மாதங்களும் ஆகலாம். ஏப்ரலில் தொடங்கினால் அந்தச் சீசனுக்கு உதவாது.

துழாவி என்ற சொல்லில் எனக்கே முழுத் திருப்தி இல்லை, இதைவிட நல்லது இருந்தால் எழுதுங்கள். சொல்லடைவில் நான் அசைய மாட்டேன்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து