புதுப்பிப்பு: மருமகனின் பைலட் ஆசையும் அட்டன் வீட்டு உறுதியும்

அட்டனில் உள்ள வீட்டின் உறுதிப் பத்திரத்தை ஈடு வைத்து அக்கா மகனைப் பைலட் படிப்புக்கு அனுப்பலாமா, ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் மாதிரிப் பெரிய நிறுவனத்தில் வேலை நிச்சயமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி, "படித்தால் போதும், லைஃப் செட்டில்" என்றவரைத் தவிர!

கொழும்புக்குப் பக்கத்தில் விமானப் பயிற்சிப் பள்ளிகள் உள்ள ரத்மலானைக்குப் போய் விசாரித்தோம். சுமார் 200 மணிநேரம் பறந்தால் வணிக விமானி உரிமம் கிடைக்கும். கேப்டன் ஆகத் தேவையான உரிமத்துக்கோ 1,500 மணிநேரம் வேண்டும். ஏர்பஸ் 320 மாதிரிப் பயணிகள் விமானம் ஓட்டத் தனிப் பயிற்சி, அதற்குத் தனிச் செலவு. பையன்கள் கடனோடு மாட்டிக்கொள்வது முதல் உரிமத்துக்கும் வேலைக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியில்தான்.

2023இல் ஸ்ரீலங்கன் பைலட்டுகள் பலர் வெளிநாட்டுக்குப் போனது உண்மை. அதனால் இடம் காலி என்று துள்ளினோம். ஆனால் அதே காலத்தில் என்ஜின் இல்லாமல் சில விமானங்கள் தரையில் நின்றன. விமானம் பறக்காவிட்டால் புதுப் பைலட் எதற்கு? வளைகுடாவும் அப்படித்தான்: 2020இல் எமிரேட்ஸ் பலரை வீட்டுக்கு அனுப்பியது, 2022இல் மறுபடி ஆள் தேடியது.

சரி, உறுதி இப்போதைக்கு அக்காவின் பெட்டகத்திலேயே இருக்கட்டும். முதலில் மருத்துவச் சான்றிதழ் எடுக்கப் போகிறான். "கண்ணாடி போட்டாலும் ஓட்டலாமாம் மாமா" என்று நேற்று மூன்று தடவை சொல்லிவிட்டான். பரிசோதனை அடுத்த மாதம்.